மாமாவின் வினாம்ப்

எம்பி3 எதிலும் ஓடும். போனில் ஓடும், டிவியில் ஓடும், பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் செருகிக் கிடக்கும் பென்டிரைவிலிருந்தும் ஓடும். அப்படியிருக்க, 20 வருடத்துக்கு மேல் பழசான ஒரு பிளேயரை விண்டோஸ் 11 போட்ட லப்டொப்பில் ஏற்றுவதற்காக ஒருவர் இரண்டு நாள் மினக்கெட்டார் என்றால், "உனக்கு வேற வேலை இல்லையா மச்சான்?" என்றுதான் கேட்கத் தோன்றும். எங்கட பட்ச்காரரும் அதைத்தான் கேட்டார்கள். வேலை இருந்தது. ஒரு அசைன்மென்ட் பாதியில் கிடந்தது. ஆனால் இதையும் செய்யத்தான் வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன். செய்த முறையையும் சொல்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு சீடி கிடக்கக்கூடும்.

அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பியூட்டர் சென்டரில் வேலை செய்தவர். ஏ9 பாதை திறந்து கொம்பியூட்டர்கள் வரத் தொடங்கின காலம். அம்மம்மா இறந்த அடுத்த வருடம், 2004 இல், அவவின் குரல் இருந்த மூன்று கசெற்றுகளை மாமா சென்டரில் வைத்து எம்பி3 ஆக மாற்றி ஒரு சீடியில் எழுதினார். 2006 இல் அவர் வெளியால் போய்விட்டார். அங்கேயே மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். சீடி இங்கே அலுமாரியில் இருந்தது.

கசெற்றில் இருப்பது பெரும்பாலும் ஒப்பாரி. அம்மம்மா செத்த வீடுகளுக்குக் கூப்பிட்டுக் கொண்டுபோய் அழவைக்கும் ஆள் இல்லை, ஆனால் அவ வந்தால் அழுகைக்கு ஒரு ஒழுங்கு வரும் என்று ஊரில் சொல்லுவினமாம். சும்மா நேரத்தில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்பதால் மாமா அவவைப் பனங்காணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்திருக்கிறார். காகமும் பனையோலைச் சத்தமும் எல்லாக் கோப்பிலும் கேட்கும்.

இந்த இடத்தில் ஒப்பாரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு யாருக்குப் பாடியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். செத்தவரின் பெயரை அநேகமாகச் சொல்வதில்லை. ராசா என்பார்கள், துரையே என்பார்கள், பெற்ற பிள்ளைக்கும் கட்டினவனுக்கும் அதே சொற்கள்தான் வரும். செத்த வீட்டில் அது பிரச்சினை இல்லை, பிரேதம் முன்னால் கிடக்கும். கசெற்றில் பிரேதம் இல்லை. ஆகவே பெயர் தேவை. மாமாவுக்கு அது விளங்கியிருக்கிறது. ஒவ்வொன்றும் யாருக்குப் பாடியது என்று அம்மம்மாவிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பெயர்கள்தான் எனக்குத் தெரியவில்லை.

லப்டொப்பில் சீடி போடும் இடம் இல்லாததால் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வெளி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். முதல் வேலையாக முழுச் சீடியையும் கொப்பி பண்ணினேன். எழுதிய சீடிக்கும் ஆயுள் உண்டு. 20 வருடம் தாண்டின ஒன்றை ஒரு தரம் வாசிக்க முடிந்தால் அந்த ஒரு தரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே 37 எம்பி3, ஒரு எம்3யு பிளேலிஸ்ட் கோப்பு, டபிள்யூ.எஸ்.இசட் என்று முடிகிற ஒரு கோப்பு, பாமினி எழுத்துரு, வினாம்ப் 2.95 இன்ஸ்டோலர். அந்தக் காலத்துச் சீடிகளில் இது வழக்கம்தான். பாட்டைக் கொடுத்தால் பாட்டைப் போடும் பிளேயரையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

புதுப் பிளேயரில் 37 கோப்பும் பாடின. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. இங்கே அரச அலுவலகத்திலோ அச்சகத்திலோ கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்கு இது பார்த்த உடனே தெரியும்: பாமினி. யூனிகோட் வருவதற்கு முன் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் கொம்பியூட்டருக்குள் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி, இந்த ஐந்தையும் தட்டி எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் 'தமிழ்' என்று தெரியும். கொம்பியூட்டரைப் பொறுத்தவரை அது கடைசி வரை ஜே, கே, பி, ஓதான். பார்க்கிற கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். எழுத்துருவை மாற்ற விடாத பிளேயரில் அந்தத் தமிழ் இல்லாமலே போய்விடும்.

"தம்பி போட்டுக் காட்டேக்க கறுப்பில பச்சை எழுத்தா இருந்தது. தமிழ்தான். நான் வாசிச்சனான்" என்றா அம்மா.

அதுதான் துப்பு. கறுப்பில் பச்சை என்றால் வினாம்ப்.

என்னுடைய வயதுக்காரருக்கு வினாம்ப் ஒரு கேள்விப்பட்ட பெயர், அவ்வளவுதான். 1997 இல் ஜஸ்டின் பிராங்கல் என்ற இளைஞர், டிமிட்ரி போல்டிரேவ் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவில் உருவாக்கியது. அவருடைய நல்சொப்ட் நிறுவனத்தை 1999 இல் ஏஓஎல் வாங்கியது. 2013 இல் வினாம்பை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2014 இல் ரேடியோனமி அதை வாங்கிக்கொண்டது. 2024 செப்டெம்பரில் மூலநிரலை வெளியே விட்டு, அடுத்த மாதமே எடுத்தும் விட்டார்கள். ஒரு பிளேயருக்கு இவ்வளவு கதை வந்ததற்குக் காரணம், அது ஆட்களைத் தன் முகத்தை மாற்ற விட்டதுதான். அந்த முகத்துக்குப் பெயர் ஸ்கின். டபிள்யூ.எஸ்.இசட் என்பது ஸ்கின் கோப்பு. பெயரைத் தவிர அதில் மர்மம் ஒன்றும் இல்லை, சாதாரண சிப் கோப்புதான். பெயரின் வாலை மாற்றித் திறந்து பார்த்தால் உள்ளே சில படங்களும் ஒரு சிறிய உரைக் கோப்பும் இருக்கும். அந்த உரைக் கோப்பில் பிளேலிஸ்டின் நிறங்களும் எழுத்துருவின் பெயரும் எழுதியிருக்கும். வழக்கமாக அங்கே ஏரியல் என்று இருக்கும். மாமா அதை அழித்துப் பாமினி என்று எழுதியிருந்தார்.

ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் ஒரு அமெரிக்கப் பிளேயர் அம்மம்மாவின் ஒப்பாரிகளுக்குத் தமிழில் பெயர் காட்டியிருக்கிறது. இங்கே தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்ற நேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்களின் கை இது. கிடைத்த சாமானைத் திறந்து, தங்களுக்குத் தேவையான ஒன்றை மட்டும் மாற்றிப் பாவிக்கிற பழக்கம்.

இனி ஏற்றிய முறை. புதிய வினாம்ப் பதிப்புகளும் பழைய ஸ்கின்களை ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு ஓடேசியஸ் என்ற பிளேயரும் இவற்றை ஏற்கும். நான் மாமா விட்டுப்போன அதே 2.95 ஐ எடுத்தேன். அது கையில் இருந்தது. முகம் தெரியாத தளங்களில் பழைய இன்ஸ்டோலர் தேடுவதைவிட அது எனக்கு நம்பிக்கை. என்றாலும் முதலில் வைரஸ் ஸ்கான் ஒன்று ஓட்டினேன். 2004 இல் ஒரு கொம்பியூட்டர் சென்டரிலிருந்து வந்த சீடி, சும்மா விடேலாது.

20 வருடத்து மென்பொருள் இன்றைய விண்டோஸில் ஓடுமா என்று கேட்டால், இது ஓடும். வினாம்ப் 2.95 ஒரு 32 பிட் மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸுக்குள் 32 பிட் மென்பொருள்களுக்கென்று ஒரு தனி அடுக்கு இருக்கிறது. அதற்கும் முந்திய 16 பிட் மென்பொருள் என்றால் கதவே திறக்காது. ஆகவே ஒரு பழைய மென்பொருள் எந்த வருடத்தது என்பதைவிட எத்தனை பிட் என்பதுதான் முதற் கேள்வி.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். பிளேயர் ஏறியது, பாடியது, ஆனால் நான் செய்த மாற்றங்களை ஒரு இடத்தில் எழுதிவிட்டு இன்னொரு இடத்தில் தேடுகிற மாதிரி நடந்துகொண்டது. காரணம் இதுதான். வினாம்ப் தன் செட்டிங்ஸை, தான் ஏறியிருக்கும் போல்டருக்குள்ளேயே எழுதி வைக்கிற காலத்து ஆள். விஸ்டா வந்த காலத்திலிருந்து விண்டோஸ், புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் சாதாரண மென்பொருள்கள் எழுதுவதை அனுமதிப்பதில்லை. பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக, அவை எழுதுவதை எங்களுக்குத் தெரியாமல் வேறொரு போல்டருக்குத் திருப்பி விடுகிறது. மென்பொருள் தான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கும். நாங்கள் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. இதற்கு வழி சுலபம். இன்ஸ்டோல் பண்ணும்போது காட்டுகிற இடத்தை ஏற்காமல், சீ டிரைவில் வெளியே ஒரு போல்டர் உருவாக்கி அதற்குள் ஏற்றினால் சரி. கழற்றி அப்படி ஏற்றினேன், ஒழுங்குக்கு வந்தது. வேறு பழைய மென்பொருள் ஏற்றி அடம் பிடித்தால், அதன் ஐகனில் றைற் கிளிக் பண்ணிப் புரொப்பர்ட்டீஸ் போய், கொம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பியைத் தெரிவு செய்து பாருங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்தது அளவு. வினாம்பின் பிரதான சட்டம் 275க்கு 116 பிக்சல். அந்தக் காலத்து மொனிட்டரில் அது பார்க்கக்கூடிய அளவு. இன்றைய ஸ்கிரீனில் ஒரு தீப்பெட்டி. கொன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்தினால் சட்டம் இரண்டு மடங்காகும். பிளேலிஸ்டின் எழுத்தளவை செட்டிங்ஸில் தனியாகக் கூட்ட வேண்டும். பிறகு பாமினி எழுத்துருவை விண்டோஸில் ஏற்றி, மாமாவின் ஸ்கின்னை ஸ்கின்ஸ் போல்டருக்குள் போட்டேன். பிளேலிஸ்டும் பாட்டுகளும் ஒரே போல்டரில் இருந்தபடியால் வழி மாறவில்லை. உங்களுடைய பிளேலிஸ்டில் பழைய கொம்பியூட்டரின் டிரைவ் எழுத்தோடு முழு வழியும் எழுதியிருந்தால் நோட்பாடில் திறந்து அதை வெட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். பழைய பிளேயர்களை இணையத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டாம். 2004 இல் வினாம்பின் ஸ்கின் கோப்பு வழியாகவும், 2006 இல் பிளேலிஸ்ட் கோப்பு வழியாகவும் கொம்பியூட்டருக்குள் புகக்கூடிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிந்திய பதிப்புகளில் அடைத்தார்கள். பழைய பதிப்பைத் தேடி வந்து திருத்துவார் இல்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் ஸ்கின், பிளேலிஸ்ட் ஒன்றையும் அதில் திறக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கோப்புக்கு மட்டும் அதைப் பாவியுங்கள்.

எல்லாம் முடிந்து முதற்தரம் திறந்தபோது ஒரு ஆண் குரல் லாமாவைப் பற்றி ஏதோ ஆங்கிலத்தில் கத்தியது. வினாம்போடு வருகிற அறிமுக ஒலி அது. அடுப்படியில் நின்ற அம்மா "அது ஆர்?" என்று வந்தா. வந்தவ அப்படியே நின்றா. கறுப்பில் பச்சையாக, தமிழில், 37 பெயர்.

முழுவதும் தமிழ் என்று சொல்ல முடியாது. நடுவில் "வயிந 2" என்றும் "ளனைந" என்றும் இருந்தது. கொஞ்ச நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகுதான் பிடிபட்டது: மாமா ஆங்கிலத்தில் டேப் என்றும் சைட் என்றும் தட்டியிருக்கிறார். பாமினிக்கு ஆங்கிலம் தெரியாது. அது அவற்றையும் தமிழாக்கி விட்டது. அம்மா சிரித்தா. மாமா போன பிறகு அவரைப் பற்றி அவ சிரித்ததை நான் காண்பது அதுதான் முதற் தரம்.

13ஆவது கோப்பை நாங்கள் எப்போதும் அம்மப்பாவுக்குப் பாடியது என்றுதான் நினைத்திருந்தோம். அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் தன் அப்பாவை நினைத்து அழுதிருக்கிறா. கோப்புக்குள் பொதிந்திருந்த பெயர் இப்படி இருந்தது: "பெயர் தெரியாத பெடியனுக்கு எங்கட வ". அதோடு நின்றது.

நின்றதற்கும் காரணம் உண்டு. எம்பி3 கோப்புக்குள் பெயர் எழுதுகிற ஐடி3 என்ற முறையின் முதற் பதிப்பில் தலைப்புக்கு 30 இடம் மட்டும்தான். ஆங்கிலப் பாட்டுப் பெயருக்கு அது அநேகமாகப் போதும். பாமினியில் புள்ளிக்கு ஒரு இடம், கொம்புக்கு ஒரு இடம், அரவுக்கு ஒரு இடம். 'கொ' என்ற ஒரே எழுத்து மூன்று இடத்தைத் தின்னும். அதனால் தமிழ்ப் பெயர் பாதி வழியில் அறுந்துவிடும். 'எங்கட வ' என்றால் என்ன? வாசலா, வயலா, வகுப்பா? மாமாவுக்கு இந்த வெட்டு எரிச்சலைக் கொடுத்திருக்க வேண்டும். அவர் பிளேலிஸ்ட் கோப்பைத் தனியாகத் திறந்து, அங்கே நீள அளவு இல்லாததால், முழுப் பெயர்களையும் கையால் எழுதியிருக்கிறார். பிளேலிஸ்டை ஏற்றிய உடனே முழுப் பெயர் தெரியும். கோப்பு பாடத் தொடங்கியதும் பிளேயர் உள்ளே இருக்கும் பெயரைப் படித்து, நீளப் பெயரை எடுத்துவிட்டுக் குட்டைப் பெயரைப் போட்டுவிடும். ஆகவே பாட விடமுதல் வாசிக்க வேண்டும்.

அம்மா வாசித்தா: "பெயர் தெரியாத பெடியனுக்கு எங்கட வளவுக்கை கிடந்தவன் 87 ஐப்பசி."

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்த நாட்களில் எங்கட சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் இருந்ததை எல்லா வீட்டிலும் சொல்லுவார்கள். எங்கட வீட்டுக் கதையில் அம்மாவும் மாமாவும் சின்னம்மம்மாவோடு கோயிலில். அம்மம்மாவும் அம்மப்பாவும் ஆட்டைப் பார்க்கவென்று இடையில் ஒருதரம் வீட்டுக்குப் போய் வந்தார்கள். அவ்வளவுதான் பிள்ளைகளுக்குச் சொன்னது. அம்மாவுக்கு அப்போது 12 வயது.

"ஆடு பாக்கவெண்டு போனவை ரெண்டு பேரும் இருட்டினாப் பிறகுதான் வந்தவை. அம்மா வந்து முழுகினவ. நான் ஏன் எண்டு கேக்கேல்லை" என்றா அம்மா. பிறகு கன நேரம் கதைக்கவில்லை. பிறகு, "முருங்கைக்குக் கீழ விளக்கு வைக்கிறவ. அது வைரவருக்கு எண்டெல்லோ சொன்னவ" என்றா.

மாமாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அம்மம்மா அவரிடம் பனங்காணியில் வைத்துச் சொல்லியிருக்கிறா. அவர் அக்காவிடம் வாயால் சொல்லவில்லை. ஆனால் எழுதினார். ஒருதரம் எழுதி, அது அறுந்துபோக, அறுபடாத இடம் தேடி இன்னொருதரம் எழுதினார்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றனவே, பிளேலிஸ்டை அதில் போட்டால் முடிந்ததே என்று இதை வாசிக்கும் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் பிறகு அதைச் செய்தேன். மாற்றி வைக்கத்தான் வேண்டும். ஆனால் அம்மாவைக் கொண்டுவந்து ஒரு மாற்றிக் கருவியின் முன் இருத்த முடியாது. அவ பார்த்தது தன் தம்பி 2004 இல் காட்டிய அதே சட்டத்தை, அதே வரிசையை. ஒன்றைத் தொட்டுக் கேட்டா, அடுத்ததைத் தொட்டா, இது இன்னாருக்கு, இவர் எங்களுக்கு இன்ன முறை என்று அன்றைக்கு இரவு முழுவதும் சொன்னா. நான் எழுதினேன். குரலைக் காப்பாற்றுவது என்றால் எம்பி3 ஐக் காப்பாற்றுவது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். குரலுக்குப் பக்கத்தில் ஒருவர் எழுதி வைத்த பெயரும், அவர் போட்ட வரிசையும், அதை வாசிக்கக்கூடிய கண்ணாடியும் சேர்ந்துதான் ஒரு பதிவு. கண்ணாடி பழசாகிவிட்டது என்று எறிந்தால் மிச்சம் இருப்பது யாருக்கு என்று தெரியாத 37 அழுகை.

எங்கட ஊர்களில் பாமினியில் எவ்வளவு கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சனசமூக நிலைய ஆண்டு மலர்கள், கல்வெட்டுப் புத்தகங்களின் கோப்புகள், பள்ளிக்கூட நாடகப் பிரதிகள், கோயில் கணக்கு. எல்லாம் ஏதோ ஒரு பழைய டிஸ்கில், ஏதோ ஒரு பழைய மென்பொருளில். செய்தவர்களுக்கு இப்போது ஐம்பது அறுபது வயது. சிலர் இல்லை. இன்னும் பத்து வருடம் போனால் அரைப்புள்ளிக் குவியலைப் பார்த்து, இது பழுதாய்ப்போன கோப்பு என்று அழிக்கிற கைகள் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சீடியில் இருந்தவற்றை இருந்தபடியே ஒரு போல்டரில், இன்ஸ்டோலரும் எழுத்துருவும் ஸ்கின்னும் உட்பட, மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் யூனிகோடில் ஒரு பட்டியல். இதை எதில், எப்படித் திறப்பது என்று ஒரு பக்கக் குறிப்பு. பட்டியலைத் தன் போனில் ரைப் பண்ணினது அம்மா. வயிந, ளனைந இரண்டையும் திருத்தாமல் அப்படியே போட்டிருக்கிறா. 13ஆவது வரியின் முடிவில் மட்டும் தன் பங்குக்கு இரண்டு சொல் சேர்த்திருக்கிறா: "முருங்கைக்குக் கீழ்."